காப்பகத்தில் ஒளிந்தே இருக்கும் பூனைக்கு வீடு தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

காப்பகத்துக்குப் பூனை எடுக்க வருகிறவர்கள் ஒவ்வொரு கூண்டின் முன்னும் நிற்பது சில நொடிகள்தான். கம்பியோரம் வந்து உரசுகிற பூனை சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்துவிடும். பின்மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு சுருண்டிருக்கும் தெருப்பூனை மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கு அதைப் பார்த்தால் மனசு கேட்காது. உடனே ஒரு போட்டோ எடுத்து, ‘யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று போட்டுவிடுவார்கள். யாரோ இரக்கப்பட்டு எடுத்துப் போவார்கள், சில நாளில் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். இரண்டாவது தடவை அந்தப் பூனை முன்னைவிட ஆழமாக ஒளிந்துகொள்ளும்.

பயந்த பூனையின் விஷயத்தில் வேலைகளின் வரிசை முக்கியம். முதலில் பூனையைப் புரிந்துகொள்ள வேண்டும், அப்புறம் அது இருக்கும் இடத்தைச் சரிசெய்ய வேண்டும், அதன் பிறகு மனிதரைப் பழக்க வேண்டும். விளம்பரமெல்லாம் அதற்கப்புறம்தான். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் இருக்கின்றன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பூனை முழுதாக உள்ளே நுழைந்துகொள்ளும் அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டி, இரண்டு மூன்று தடித்த துண்டுகள், நீளக் காம்புள்ள கரண்டி, நக்கிச் சாப்பிடும் பதத்தில் இருக்கும் ஈர உணவு, குச்சியில் கட்டிய இறகு பொம்மை, ஒரு நோட்டு. பூனையை வைத்துத் தூக்கிப்போக, மேற்பக்கமும் திறக்கிற கெட்டியான பிளாஸ்டிக் கேரியர் கிடைத்தால் பின்னால் நிறைய உதவும்.

இவற்றில் பலர் விட்டுவிடுவது நோட்டைத்தான். என்ன சாப்பிட்டது, லிட்டர் பாக்ஸை (பூனை மலஜலம் கழிக்கும் மணல் தட்டு) பயன்படுத்தியதா, நாம் போனபோது எங்கே இருந்தது, எதற்கு மிரண்டது என்று தினமும் நாலு வரி எழுதுங்கள். பயந்த பூனையிடம் மாற்றம் மிக மெதுவாக வரும். எழுதி வைக்காவிட்டால் மாற்றமே இல்லை என்று தோன்றி, கவனித்துக்கொள்பவர் சோர்ந்துவிடுவார். பின்னால் எடுப்பவரிடம் பூனையைப் பற்றிச் சொல்வதற்கும் இந்த நோட்டுதான் ஆதாரம்.

2. கூச்சமா, மனிதர் வாசனையே தெரியாததா?

மூலையில் உட்கார்ந்து சீறும் எல்லாப் பூனையும் ஒரே ரகம் இல்லை. வீட்டில் வளர்ந்து தொலைந்துபோன பூனை, தெருவில் சிலரிடம் மட்டும் சாப்பாடு வாங்கித் தின்ற பூனை, மனிதர் கையே படாமல் வளர்ந்த பூனை, மூன்றும் கூண்டுக்குள் முதல் சில நாட்கள் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். பயம் எல்லாவற்றையும் ஒரே போல ஆக்கிவிடும். அதனால் வந்த அன்றே முத்திரை குத்தாதீர்கள். ஒரு வாரமாவது பாருங்கள்.

பழகக்கூடிய பூனை சின்னச் சின்னதாக அடையாளம் காட்டும். நம்மைப் பார்த்து மியாவ் என்று குரல் கொடுப்பது ஒன்று. சாப்பாடு வரும் நேரம் தெரிந்து எழுந்து உட்காரும். நாம் திரும்பிக்கொண்டால் எட்டிப் பார்க்கும். இரவில் பொம்மை இடம் மாறியிருக்கும். வாலை நேராகத் தூக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாலே நல்ல சேதி.

குட்டிகள் மனிதரை ஏற்றுக்கொள்ளக் கற்கும் முக்கியமான காலம், பிறந்து ஏறக்குறைய 2 முதல் 7 வாரம் வரை. அந்த வயதில் மனித வாசனையே படாத பூனை வளர்ந்தபின் மடியில் உட்கார்வது அபூர்வம். அப்படிப்பட்டதை நான்கு சுவருக்குள் அடைப்பது அதற்கு நல்லதில்லை. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, சாப்பாடு வைக்க ஆள் இருக்கும் பழைய இடத்திலேயே விடுவது, அல்லது கூரையும் சாப்பாடும் கொடுத்து வெளியில் சுதந்திரமாக இருக்கவிடும் பண்ணை போன்ற இடம் பார்ப்பது, இவைதான் அதற்கு ஏற்றவை. ஒரு காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால், ஏற்கெனவே கருத்தடை செய்து திரும்ப விடப்பட்ட பூனை என்று பெரும்பாலும் அர்த்தம். ஆனால் காதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். காது வெட்டிய பூனைகளிலும் மனிதரை ஏங்குகிறவை உண்டு.

3. பழக்கும் முன் டாக்டர்

பூனை வலியை மறைத்துக்கொள்ளும். பல்லும் ஈறும் கெட்டுப்போன பூனை, காதில் புண் உள்ள பூனை, மூட்டு வலிக்கிற வயதான பூனை எல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் ‘கூச்சம்’ போலத்தான் தெரியும். வலியோடு இருக்கிற பூனையிடம் எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்தாலும் பயன் இல்லை. அதனால் இந்தப் படியைத் தள்ளிப்போடக் கூடாது.

உடல் பரிசோதனை, பூச்சி மருந்து, தடுப்பூசிகள், கருத்தடை, மைக்ரோசிப் (உரிமையாளரைக் கண்டுபிடிக்கத் தோலுக்கு அடியில் வைக்கும் சின்னச் சில்லு) இருக்கிறதா என்று ஸ்கேன், பூனைகளுக்கு வரும் எஃப்ஐவி, எஃப்ஈஎல்வி வைரஸ்களுக்கான ரத்தப் பரிசோதனை ஆகியவற்றைக் கேளுங்கள். எஃப்ஐவி இருந்தாலும் பல பூனைகள் நீண்ட காலம் நன்றாக வாழும். எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். தொட்டாலே பதறும் பூனையாக இருந்தால், பரிசோதனைக்கு முன் பதற்றம் குறைய காபாபென்டின் மாதிரி மருந்து கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். அளவும் நேரமும் அவர் சொன்னபடிதான். மனிதருக்கான மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் பூனைக்கு விஷம்.

இரண்டு விஷயத்தில் ‘பயத்தில் இருக்கிறது, சரியாகிவிடும்’ என்று காத்திருக்கக் கூடாது. பூனை ஒரு நாள் முழுக்க எதுவும் சாப்பிடவில்லை என்றால் டாக்டருக்குச் சொல்லுங்கள். பட்டினி சில நாள் நீடித்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும், குண்டான பூனைக்கு இன்னும் அதிகம். ஆண் பூனை லிட்டர் பாக்ஸில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அடைப்பாக இருக்கலாம். அது அந்த நிமிடமே கிளம்ப வேண்டிய அவசரம்.

4. கூண்டை மாற்றினாலே பாதி பயம் போகும்

கைவைத்துப் பழக்கும் முன் இடம் பழகட்டும். கூண்டு தரையில் இருந்தால் மேல் தட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். நாய் குரைப்பும் ஆள் நடமாட்டமும் குறைவான ஓரம் நல்லது. கூண்டின் பாதியைத் துண்டால் மூடுங்கள்.

உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கட்டாயம். ‘பெட்டி வைத்தால் வெளியிலேயே வராது’ என்று பலர் எடுத்துவிடுகிறார்கள். நடப்பது நேர்மாறு. நெதர்லாந்தில் காப்பகப் பூனைகளை வைத்துச் செய்து 2014இல் வெளியான ஆய்வில், பெட்டி கிடைத்த பூனைகளின் மன அழுத்தம் கிடைக்காதவற்றைவிட வேகமாகக் குறைந்தது. ஒளிய இடம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் பூனை வெளியே வருகிறது. பெட்டியின் வாய் பக்கவாட்டில் இருக்கட்டும். அதன் மேல் ஏறி உட்காரவும் வசதியாக இருந்தால் இன்னும் நல்லது.

சாப்பாட்டையும் லிட்டர் பாக்ஸையும் முடிந்த அளவு தள்ளித் தள்ளி வையுங்கள். சுத்தம் செய்யும்போது எல்லாத் துணியையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பூனைக்கு ஓர் இடம் தன்னுடையதாக ஆவது வாசனையால்தான். தினமும் அத்தனையும் துவைத்துப் போட்டால், தினமும் புது இடத்துக்கு வந்தது மாதிரி அதற்கு இருக்கும். அழுக்கான இடத்தை மட்டும் துடைத்து, படுத்த துணியில் ஒன்றையாவது விட்டுவையுங்கள். நோய் இருக்கும்போது மட்டும் டாக்டர் சொல்கிறபடி.

5. மனிதரைப் பழக்குவது

இதில்தான் அதிக நாள் போகும், அதிகத் தவறும் இங்கேதான் நடக்கிறது.

முதலில் ஒரே ஆள், ஒரே நேரம். பல பேர் மாறி மாறி வந்து அன்பு காட்டினால் பூனைக்கு எல்லோரும் அந்நியர்தான். ஒருவரை நம்பிய பூனை இரண்டாமவரை நம்புவது சுலபம். அதனால் தொடக்கத்தில் ஒருவர் பொறுப்பெடுக்கட்டும்.

கூண்டருகே பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். மேலிருந்து குனிந்து பார்க்காதீர்கள், கண்ணுக்குள் முறைத்துப் பார்க்காதீர்கள். சன்னமான குரலில் ஏதாவது வாசியுங்கள், எதுவானாலும் சரி. பூனை பார்க்கும்போது கண்ணை மெதுவாக மூடித் திறங்கள். இதற்குப் பூனைகள் பதில் தருவதாகவும், இப்படிச் செய்கிறவரிடம் நெருங்கி வர வாய்ப்பு கூடுவதாகவும் 2020இல் பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அப்புறம் வந்த ஓர் ஆய்வில், மனிதர் கண் சிமிட்டியதும் பதிலுக்குச் சிமிட்டிய காப்பகப் பூனைகளுக்குச் சீக்கிரம் வீடு கிடைத்ததும் தெரிந்தது. செலவில்லாத பயிற்சி, முதல் நாளிலிருந்தே செய்யலாம்.

அடுத்தது கரண்டி. கையை நீட்டுவதற்கு முன் நீளக் காம்புக் கரண்டியில் ஈர உணவைத் தடவி நீட்டுங்கள். ஒரு சாம்பல் நிறப் பெண் பூனையிடம் இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். கரண்டி நெருங்கும்போதெல்லாம் காதைப் பின்னால் மடக்கி, தலையை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும். கரண்டியைப் பெட்டியின் விளிம்பிலேயே அசையாமல் பிடித்துக்கொண்டு நான் சுவர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். முதலில் மூக்கு மட்டும் நீண்டது. நாக்கு நுனி பட்டது, பட்டதும் பின்வாங்கியது. கரண்டி துரத்தி வரவில்லை என்று தெரிந்ததும் ஒரு காது முன்னால் திரும்பியது, அப்புறம் இன்னொன்று. அதற்குப் பிறகுதான் நிதானமாக நக்கித் தின்றது.

அந்தக் காதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். காது முன்னால் திரும்பும்வரை கரண்டியை ஓர் அங்குலம்கூட நகர்த்தாதீர்கள்.

கரண்டியில் தயங்காமல் சாப்பிட்டால் காம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகப் பிடியுங்கள், பிறகு விரல் நுனியில் கொடுங்கள். தொடுவது அதற்கும் அப்புறம். விரலை மூக்குக்கு முன்னால் நீட்டி நிறுத்துங்கள். அதுவாக வந்து உரசினால் கன்னத்தையும் தாடையையும் இரண்டு மூன்று நொடி தடவிக் கையை எடுத்துவிடுங்கள். மறுபடி வந்தால் மறுபடி தடவலாம், வராவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். வயிறு, வாலின் அடிப்பகுதி, கால் பக்கம் போக வேண்டாம்.

புதியவர்கள் எல்லோரும் சறுக்குவது ஓரிடத்தில். முதல் தடவை தடவ விட்டதும் சந்தோஷத்தில் தடவிக்கொண்டே இருப்பார்கள். பூனையின் வால் துடிக்கும், தோல் சிலிர்க்கும், அது தெரியாமல் தொடர்வார்கள், கடைசியில் அடி விழும். பூனைக்கு நினைவில் நிற்பது அந்தக் கடைசி நிமிடம். நன்றாகப் போகும்போதே எழுந்து வந்துவிடுங்கள்.

துண்டில் சுற்றித் தூக்கி மடியில் வைத்து வலுக்கட்டாயமாகப் பழக்குவதை வளர்ந்த பூனைக்குச் செய்யாதீர்கள். அது அசையாமல் இருப்பது பழகியதால் இல்லை, பயத்தில் உறைந்துபோனதால். கடி பட்டுவிட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே டாக்டரைப் பாருங்கள். பூனைப் பல் ஊசி போல ஆழமாக இறங்கும். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும், ரேபிஸ் தடுப்பூசியும் தேவைப்படலாம்.

ஈர உணவோடு இறகு பொம்மையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குச்சி நீளமாக இருப்பதால் நாம் தள்ளியே இருந்துகொண்டு விளையாடலாம். விளையாடும் நேரத்தில் பூனை பயத்தை மறக்கிறது, அதுவும் நாம் பக்கத்தில் இருக்கும்போதே மறக்கிறது.

6. முடிந்தால் தற்காலிக வீடு

சில பூனைகளுக்குக் காப்பகமே பிரச்சினை. எவ்வளவு நல்ல கூண்டானாலும் வாசலில் நாய் குரைத்துக்கொண்டுதான் இருக்கும். நோட்டில் முன்னேற்றம் நின்றுபோனால், ஓர் அமைதியான வீட்டில் ஓர் அறையை மட்டும் கேளுங்கள். கூண்டில் கல் போலக் கிடந்த பூனை மூடிய அறையில் ஜன்னலோரம் வந்து உட்கார்வதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். படமும் வீடியோவும் அங்கே எடுத்தால் பூனையின் உண்மையான குணம் தெரியும்.

7. படமும் அறிமுகமும்

இப்போதுதான் விளம்பரத்துக்கு நேரம். கம்பிக்குப் பின்னால் கண் விரிந்து மிரண்டிருக்கும் படத்தைப் போடாதீர்கள். அதைப் பார்த்து வருகிறவர் இரக்கப்பட்டு வருகிறார், பூனையோடு வாழ வரவில்லை. பூனையின் கண் மட்டத்துக்குக் கேமராவை இறக்குங்கள், ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். கறுப்புப் பூனைக்கு வெளிர்நிறத் துணியைப் பின்னால் விரித்தால் முகம் துலங்கும். படத்தைவிடச் சின்ன வீடியோ மேல். கரண்டியை நக்குவது, இறகைத் துரத்துவது, பெட்டி மேல் தூங்குவது, ஏதாவது ஒன்று. வருகிறவர் நேரில் பார்ப்பது பெட்டிக்குள் ஒரு முதுகைத்தான். வீடியோதான் அதன் மறுபக்கத்தைக் காட்டும்.

எழுதும்போது பொய்யும் வேண்டாம், புலம்பலும் வேண்டாம். ‘பாவம், யாருமே எடுக்கவில்லை’ என்று எழுதினால் படிக்கிறவருக்குப் பூனையைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ‘கொஞ்சம் கூச்சம், சீக்கிரம் சரியாகிவிடும்’ என்பது நீங்கள் காப்பாற்ற முடியாத வாக்கு. நோட்டைத் திறந்து பார்த்து எழுதுங்கள். உதாரணத்துக்கு: ‘புது ஆட்களைக் கண்டால் பெட்டிக்குள் போய்விடும். தினமும் சாப்பாடு வைப்பவரிடம் கன்னத்தைத் தடவக் கொடுக்கும். தூக்கினால் பிடிக்காது. இறகு பொம்மை என்றால் உயிர். லிட்டர் பாக்ஸ் தவறியதில்லை. அமைதியான வீடும், அவசரப்படாத ஆளும் தேவை.’

இப்படி எழுதினால் விசாரிப்பவர்கள் குறைவார்கள். குறையட்டும். இந்தப் பூனைக்கு வேண்டியது ஒரே ஒரு வீடு.

8. கேட்டு வருபவரிடம் பேசுவது

வீட்டில் யார் யார், சின்னக் குழந்தைகள் உண்டா, நாய் உண்டா, வருகிறவர் போகிறவர் அதிகமா என்று கேளுங்கள். அப்புறம் இந்தக் கேள்வி: ‘மூன்று மாதம் ஆகியும் இது உங்கள் மடியில் ஏறவில்லை என்றால்?’ சிலர் ‘எங்கள் அன்பில் மாறிவிடும்’ என்பார்கள். நல்ல மனசுதான், ஆனால் அவர்கள் எதிர்பார்ப்பது வேறு பூனை. ‘அது பாட்டுக்கு இருக்கட்டும், பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்’ என்று சொல்பவரை விடாதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே சாதுவான, மனிதரிடம் நன்றாகப் பழகும் பூனை இருந்தால், கூச்சப் பூனை அதைப் பார்த்துத் தைரியம் பெறலாம். மற்ற பூனைகளோடு ஒத்துப்போகும் பூனைக்குத்தான் இது பொருந்தும். அதையும் நோட்டில் பாருங்கள்.

9. நேரில் சந்திப்பது

ஒரே சந்திப்பில் முடிவு வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் வரச்சொல்லுங்கள், ஒருவர் அல்லது இருவர் போதும். பூனை நம்பும் ஆள் கூடவே உட்கார்ந்து, கரண்டியை வந்தவர் கையில் கொடுக்கட்டும். பூனை வெளியே வராமல்போனாலும் பரவாயில்லை. வந்தவர் அதற்கு என்ன செய்கிறார் என்று பாருங்கள். பெட்டிக்குள் கையை விட்டு இழுக்கப் பார்க்கிறாரா, அல்லது தரையில் உட்கார்ந்து காத்திருக்கிறாரா? வீட்டிலும் அவர் அதையேதான் செய்வார்.

10. வீட்டைத் தயார் செய்வது, கொண்டுபோவது

பூனை போவதற்கு முன் அங்கே ஓர் அறை தயாராக இருக்க வேண்டும். முழு வீட்டையும் முதல் நாளே திறந்துவிட்டால் யாராலும் எட்ட முடியாத இடமாகப் பார்த்துப் புகுந்துகொள்ளும். ஜன்னலில் கிழியாத வலை, பீரோவுக்குப் பின்னாலும் குளியலறைக் குழாய் இடுக்கிலும் அடைப்பு, கட்டிலுக்கு அடியை மறித்துவிட்டு அதற்குப் பதில் நல்ல ஒளிவிடப் பெட்டி. காப்பகத்தில் சாப்பிட்ட அதே உணவு, அதே வகை லிட்டர், துவைக்காத பழைய துணி, முடிந்தால் அதே பெட்டி. வீட்டில் பல பூனைகள் இருந்தால் லிட்டர் பாக்ஸ் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதல்.

பயணத்துக்குச் சில நாள் முன்பே கேரியரைக் கூண்டுக்குள் திறந்துவைத்து அதில் சாப்பாடு போடுங்கள். கிளம்பும்போது கேரியரைத் துண்டால் மூடி, கதவுக்கு மேல் ஒரு கட்டும் போடுங்கள். வண்டியிலோ வாசலிலோ ‘ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்’ என்று திறக்கக் கூடாது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் திறக்க வேண்டும்.

11. முதல் வாரங்கள்

முதல் மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் புரியும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று தோன்றும் என்று ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள். கூச்சப் பூனைக்கு அதைவிட அதிகம் ஆகலாம் என்று எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பகலில் பூனை கண்ணிலேயே படாது. சாப்பாடு குறைகிறதா, லிட்டர் பாக்ஸ் நனைகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அறைக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்து வாசிக்கலாம், ஒளிவிடத்திலிருந்து இழுக்கக் கூடாது. பழக்கிய படிகளை அங்கே மறுபடி கரண்டியிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் தடவை வேகமாக நடக்கும். வாலைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்ற ஆரம்பித்தபின் அடுத்த அறையைத் திறக்கலாம். வேறு பூனை இருந்தால் முதலில் கதவுக்கு இரு பக்கமும் வாசனை பழகட்டும், துணியை மாற்றி மாற்றிப் போடலாம்.

தப்பித்து ஓடிவிட்டால் கூச்சப் பூனை தூரம் போகாது, அருகிலேயே எங்காவது பதுங்கிக்கொள்ளும். தொலைந்து கிடைத்த பூனைகளில் நான்கில் மூன்று தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் கிடைத்ததாக 2018இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. கூப்பிட்டால் குரல் கொடுக்காது. அதனால் இரவு சந்தடி அடங்கியபின் டார்ச் அடித்து வண்டிக்கு அடியில், படிக்கட்டுக்கு அடியில், புதருக்குள் கண் மின்னுகிறதா என்று பாருங்கள். கண்டால் துரத்த வேண்டாம். அங்கேயே உணவு வைத்துப் பொறிக்கூண்டு வையுங்கள், கூண்டைப் பார்வையிலேயே வைத்திருங்கள். மைக்ரோசிப்பில் புதிய வீட்டின் தொலைபேசி எண் பதிவாகியிருக்கிறதா என்று பூனை கிளம்பும் நாளிலேயே பார்த்துவிட வேண்டும்.

12. பூனை போன பிறகு

மறுநாளே பேசுங்கள், ஒரு வாரத்தில் ஒரு முறை, ஒரு மாதத்தில் ஒரு முறை. ‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். ‘நேற்று எவ்வளவு சாப்பிட்டது, எங்கே தூங்கியது, லிட்டர் பாக்ஸுக்கு எத்தனை தடவை போனது’ என்று கேளுங்கள். சின்னச் சிக்கல் அதில் தெரிந்துவிடும், பூனையைத் திருப்பி விடலாமா என்ற யோசனை வருவதற்கு முன்பே சரிசெய்யலாம்.

ஒத்துவராவிட்டால் எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தரலாம் என்று எழுதியே கொடுங்கள். தெருவில் விட்டுவிடுவதற்கும் கைமாற்றிக் கொடுப்பதற்கும் முக்கியக் காரணம், திருப்பித் தரக் கூச்சப்படுவதுதான். திரும்பி வந்தவரைக் குறை சொல்லாதீர்கள். உட்காரவைத்து எந்த அறையில் இருந்தது, எதற்கு வெளியே வந்தது, எதற்குப் பயந்தது என்று எல்லாவற்றையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதை வைத்து அறிமுகத்தைத் திருத்தி எழுதி, 7ஆம் படியிலிருந்து மறுபடி தேடத் தொடங்குங்கள்.